நான் மட்டும் திருந்தி என்ன ஆகப்போகிறது? சேலத்தில் நூறு ஆண்டாக நடக்கும் ஒரு வழக்கு

1921-இல் ஈ.வெ.ராமசாமி சேலத்துத் தாதம்பட்டியில் இருந்த தம் தென்னந்தோப்பை வெட்டிச் சாய்த்தார். 500 மரங்கள் என்பது எல்லாரும் சொல்லும் கணக்கு. அப்போது அவர் காங்கிரஸில் இருந்தார். கள்ளுக்கடை மறியல் சூடுபிடித்திருந்த நேரம். கள் இறக்கும் மரங்களை வைத்துக்கொண்டு மதுவிலக்கு பேசுவது சரியில்லை என்று பட்டிருக்கிறது, வெட்டிவிட்டார். ஒரு மனிதர் தம் கொள்கைக்காகத் தம் சொத்தை அழித்த கதையாக இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம், அது சரிதான். ஆனால் அதனால் சேலத்தில் கள் குடிப்பது குறைந்ததா என்று யாரும் கேட்பதில்லை. குறைந்திருக்க வழியே இல்லை. பக்கத்துத் தோப்பில் மரம் இருந்தது. குடிப்பவர் இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருப்பார், அவ்வளவுதான். பக்கத்துத் தோப்புக்காரருக்கு அந்த வருடம் நல்ல வருமானம் கிடைத்திருக்கும்.

தனி மனிதர்கள் தம் குறையை வென்ற கதைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஊர் தன் குறையை வெல்லுமா என்ற பேச்சு வந்தால் மட்டும் "மனுசப் புத்தியே அப்படித்தாங்க" என்று முடித்துக்கொள்கிறோம். டீக்கடையில் எந்த விவாதத்தையும் முடித்துவைக்கும் வலிமை அந்த வாக்கியத்துக்கு உண்டு. அது விளக்குவது என்னவோ எதையுமே இல்லை. ஒரே ஊரில், ஒரே மனிதர்களிடையே, ஒரு கெட்ட பழக்கம் முப்பது வருடத்தில் தேய்கிறது. இன்னொன்று அதே முப்பது வருடத்தில் தழைக்கிறது. புத்தி ஒன்றுதான் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

இதைக் கேட்டுப்பார்க்கச் சேலம் மாவட்டம் தோதான இடம். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் இங்கேதான் வந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் இங்கேதான். ஊரோடு சேர்ந்து செய்த தப்பை ஊரோடு சேர்த்தே திருத்தப் பார்த்த முயற்சிகள் இவை. ஒன்று கவிழ்ந்தது, இன்னொன்று பாதிக்கு மேல் கரை சேர்ந்தது.

முதலில் ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சேலத்துக்கு வருவோம். எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெக்டர் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நான்கு பேரை உட்கார வைத்து ஆளுக்கு 20 காசு கொடுக்கிறார்கள். விருப்பம்போல் பொது உண்டியலில் போடலாம், போடாமல் கையிலும் வைத்துக்கொள்ளலாம். உண்டியலில் விழும் ஒவ்வொரு காசும் 1.6 ஆகப் பெருகும். கடைசியில் நால்வருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். எல்லோரும் 20-ஐயும் போட்டால் ஆளுக்கு 32 கிடைக்கும். மூன்று பேர் போட்டு ஒருவர் மட்டும் போடாமல் இருந்தால், போட்ட மூவருக்கும் 24. போடாதவருக்குக் கையில் இருக்கும் 20-உம் சேர்ந்து 44. ஆக, எல்லோரும் போடுவது ஊருக்கு லாபம், தான் மட்டும் போடாமல் இருப்பது தனக்கு லாபம்.

ஆட்டம் தொடங்கும்போது மக்கள் அப்படியொன்றும் மோசமாக நடந்துகொள்வதில்லை. இந்த மாதிரிச் சோதனைகளில் பாதிக்குப் பக்கமாகப் போடுகிறார்கள். சுற்று ஏற ஏறப் போடும் தொகை சரிகிறது. போடாதவரைப் பார்த்து, போட்டவரும் கையை இழுத்துக்கொள்கிறார். கடைசிச் சுற்றுகளில் பலர் ஒன்றுமே போடுவதில்லை. பிறகு ஆய்வாளர்கள் ஒரே ஒரு விதியைச் சேர்த்தார்கள்: போடாதவருக்கு அபராதம் விதிக்கலாம், ஆனால் அதற்கு விதிப்பவரும் தன் கையிலிருந்து கொஞ்சம் செலவழிக்க வேண்டும். உடனே உண்டியல் நிரம்பத் தொடங்கியது. ஆட்கள் மாறவில்லை, அவர்கள் புத்தியும் மாறவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, நம்மில் பெரும்பாலோர் தியாகியும் கிடையாது, திருடனும் கிடையாது என்பதைத்தான். "அவன் போட்டால் நானும் போடுறேன்" என்கிற ரகம் நாம். ஏலச்சீட்டு நடத்திய யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஒருத்தர் சீட்டை எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் நின்றால் மறு மாதம் நாலு பேர் நிற்பார்கள். அந்த ஒருத்தர் வீட்டு வாசலில் போய் உட்கார ஆள் இருந்தால் சீட்டு ஓடும்.

இதே ஆட்டத்தைப் பின்னாளில் 16 நகரங்களில் ஆடவிட்டுப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. சில நகரங்களில், நிறையப் போட்டவருக்கே மற்றவர்கள் அபராதம் போட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நேர்மையாக இருக்கும் அலுவலரை "இவரு பெரிய யோக்கியரு" என்று கூட இருப்பவர்களே ஓரங்கட்டுவதை யார்தான் பார்த்ததில்லை?

சரி, 1937-க்கு வருவோம். அந்த ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார்; முதலமைச்சருக்கு அன்றைய பெயர் அதுதான். அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டம் முழுக்க மதுவிலக்கு அமலானது. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. ஏன் சேலம் என்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ராஜாஜி இங்கே வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925-இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி அங்கேயே குடியிருந்தார். குடிக்கு எதிராகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக வேலை பார்த்தார். பத்து இதழோடு அது நின்றுபோனது. எழுதியும் பேசியும் ஒரு மாவட்டத்தின் குடியை நிறுத்த முடியாது என்பது அவருக்கு அங்கேயே விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆட்சிக்கு வந்ததும் அவர் செய்ததில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, எல்லாக் கடையும் ஒரே நாளில் மூடியது. பக்கத்துத் தோப்பு என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது. மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் கடை திறந்துதான் இருந்தது. அதனால் 1938-இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் அடுத்து வட ஆற்காட்டுக்கும் மதுவிலக்கை நீட்டினார்கள்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். மாகாண வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மதுவிலிருந்து வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் அதிலிருந்துதான் பணம். அந்த ஓட்டையை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவில் அப்படி ஒரு வரி அதற்கு முன் கிடையாது. வியாபாரிகள் கொதித்தார்கள், காங்கிரஸுக்குப் பணம் கொடுத்து ஆதரித்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். ஆனாலும் வரி வந்தது. குடிப்பவர் குடியை நிறுத்துமுன் கஜானாவின் குடியை நிறுத்த வேண்டும் என்று புரிந்துகொண்ட ஆட்சியாளர் அவர். பிற்பாடு வந்தவர்களில் அதே அளவுக்கு இதைப் புரிந்துகொண்டவர்களை நான் பார்க்கவில்லை. புரிந்தும் பேசாமல் இருந்தவர்கள் உண்டு.

1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை பதவி விலகியது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. அடுத்த இருபத்துச் சொச்சம் வருடங்களைப் பொற்காலமாகச் சித்திரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கள்ளச்சாராயம் மலையடிவாரம் முழுக்கக் காய்ச்சப்பட்டது. மாமூல் என்ற ஏற்பாடு காவல் நிலையங்களில் வேர்விட்டது. வசதியானவருக்கு மருத்துவச் சான்றும் பெர்மிட்டும் கிடைத்தன, கூலிக்காரருக்கு லத்தி. ஆட்டத்தில் அபராதம் விதிப்பவரே உண்டியலிலிருந்து எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று சொல்லலாம்.

1971 ஆகஸ்டில் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. சொன்ன காரணம் நிதி நெருக்கடி. தொண்ணூறு வயதைத் தாண்டிவிட்ட ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டும் பலனில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். இதன் மிச்சக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம் பக்கமெல்லாம் மரவள்ளி. இங்கே குச்சிக்கிழங்கு என்போம். ஜவ்வரிசித் தொழில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கடல் கடந்து வந்துகொண்டிருந்த சரக்கு நின்றபோது சேலத்தில் வேர்பிடித்தது. கிழங்கை மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து வாங்குவார்கள். அரைத்து, அதில் வரும் மாவுப்பாலைத் தொட்டியில் படியவிட்டு, மாவைக் குருணையாக்கி, வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. மிச்சம் திப்பி, அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். நாம் பாயசத்துக்கு ஒரு கைப்பிடி வாங்குவதோடு சரி. பெரிய சந்தை வடக்கே, மகாராஷ்டிரத்துப் பக்கம். அங்கே விரத நாளில் சாபுதானா கிச்சடிதான் சாப்பாடு.

அந்தச் சந்தைக்கு ஜவ்வரிசி பளீரென்று வெள்ளையாக இருக்க வேண்டும். கிழங்கைத் தோல் உரித்துச் சுத்தமாக அரைத்தால் நல்ல நிறம் தானாக வரும். ஆனால் தோல் உரிக்க ஆள் வேண்டும், கூலி வேண்டும், எடையும் குறையும். உரிக்காமல் அரைத்துவிட்டு வெளுக்கும் ரசாயனம் போட்டால் செலவு மிச்சம், நிறம் இன்னும் கூடுதல். மக்காச்சோள மாவைக் கலந்தால் இன்னும் மிச்சம். ஒரு ஆலைக்காரர் இதைச் செய்தால் அவர் சரக்கு வெள்ளையாகவும் மலிவாகவும் போய் நிற்கும். செய்யாதவர் சரக்கு மங்கலாக, விலை கூடி நிற்கும். "நான் மட்டும் யோக்கியனா இருந்தா ஆலைய மூட வேண்டியதுதானுங்க" என்று அவர் சொன்னால் அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார். கடைசியில் எல்லோரும் வெளுத்தால் யாருக்கும் கூடுதல் விலை கிடைப்பதில்லை. சரக்கின் பெயர் கெடுகிறது. கிழங்கு விலை இறங்கி விவசாயி தெருவுக்கு வருகிறார்.

சேலத்தில் 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இதற்கு ஓர் ஏற்பாடு. மாதிரி எடுத்துச் சோதித்து, டெண்டர் முறையில் சரக்கை விற்கிறது. யார் என்ன கலந்தார் என்று பார்க்க ஒரு கண் வந்துவிட்டது. ஆனால் சரக்கை அங்கே கொண்டுபோகாமல் நேராக வியாபாரிக்கு விற்கும் வழியும் திறந்தே இருக்கிறது. கலப்படம் செய்கிறவர் எந்த வழியில் போவார் என்று சொல்லவும் வேண்டுமா? உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது ஆலைகளில் சோதனை போட்டு மூட்டைகளைப் பறிமுதல் செய்கிறது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு மதிப்பு வந்தால், பெயரைக் கெடுப்பவர் மேல் மற்ற ஆலைக்காரர்களுக்கே கோபம் வரும். அந்தக் கோபம் பத்துச் சோதனை அதிகாரிக்குச் சமம். வரும் என்றுதான் சொல்கிறேன், வந்துவிட்டது என்று சொல்லவில்லை.

கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் நம் முன்னோர் சாமியை நிறுத்தினார்கள். சேர்வராயன் மலையில் மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்களில் கோயில் காடுகள் உண்டு. காபித் தோட்டத்துக்காக மலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொட்டையடிக்கப்பட்டபோதும் அந்தத் துண்டுக் காடுகளில் கோடரி விழவில்லை. விழுந்தால் வீட்டில் கெட்டது நடக்கும் என்று வெட்டப் போனவருக்கே பயம். பகுத்தறிவுக்கு ஒத்துவராத ஏற்பாடுதான், ஆனால் சம்பளம் கேட்காத காவல். அதே மலையில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டியவர்கள் வெளியூர்க்காரர்கள், அந்தப் பயம் அவர்களுக்குக் கிடையாது. ஒரு ஊரின் சாமி அந்த ஊர்க்காரரைத்தான் கட்டும்.

ஏரிகளைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஊரே ஒன்றுகூடிக் குடிமராமத்து செய்து ஏரியைக் காத்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்பது பாதிக் கதை. வேலைக்கு வராதவரைக் கட்டாயப்படுத்த 1858-இலேயே சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. மண் சுமந்தவர் யார், தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் போனது என்றும் கேட்க வேண்டும். பொதுச் சொத்து நாசமாகியே தீரும் என்று 1968-இல் காரெட் ஹார்டின் எழுதினார். இல்லை, தம் விதிகளைத் தாமே வகுத்து, தாமே காவல் காத்து, மீறியவருக்குச் சிறிது சிறிதாக அபராதம் கூட்டும் ஊர்கள் பல நூறு ஆண்டாகத் தண்ணீரைக் காத்திருக்கின்றன என்று எலினார் ஆஸ்ட்ரம் காட்டினார். 2009-இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. அவர் சொன்ன ஏற்பாடு நின்ற ஊர்களில் ஏரி நின்றது. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010 வாக்கில் சேலத்துக் குடிமக்கள் குழு ஒன்று எடுத்துத் தூர்வாரி, அந்த மண்ணையே ஏரிக்குள் திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டது; பறவைகள் வந்தன. சேர்வராயன் மலைப் பக்கமிருந்தே வந்து நகரத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாற்றுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. ஏரிக்குக் கரை உண்டு, கரையில் நின்றால் யார் குப்பை கொட்டுகிறார் என்று தெரியும். ஆற்றில் விடும் சாயக்கழிவு அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இனி, சொல்லக் கூச்சப்படும் ஒன்று. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 850-க்கும் குறைவு. பிறந்த பெண் குழந்தையைக் கொல்வது சில கிராமங்களில் வழக்கமாகவே ஆகியிருந்தது. உசிலம்பட்டியின் பெயர் அதிகம் அடிபட்டதால் சேலம் கொஞ்சம் தப்பித்தது.

இதைச் செய்தவர்களை அரக்கர்கள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அவர்கள் மற்ற பிள்ளைகளைக் கொஞ்சி வளர்த்தவர்கள், காடு தோட்டம் பார்த்தவர்கள், திருவிழாவுக்கு வரி கொடுத்தவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருந்தது: வரதட்சணை ஏறிக்கொண்டே போகிறது, பிள்ளை இரண்டு போதும், அதில் ஒன்றாவது பையனாக இருக்கட்டும். பெற்றவளைக் கேட்டவர் யாரும் இல்லை. பல வீடுகளில் மனசுக்குள் அருவருப்பு இருந்திருக்கும். ஆனால் ஊர் இதைச் சரி என்றுதான் நினைக்கிறது என்று ஒவ்வொரு வீடும் நினைத்தது. ஊர் என்பதோ அதே வீடுகள்தான். யாரும் வாய் திறக்காதபோது மௌனமே சம்மதம்போல் ஆகிவிடுகிறது.

1992-இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். பெற்றவர்களைப் பொறுப்பிலிருந்து கழற்றிவிடுகிறது, பெண் குழந்தை தள்ளிவிடத் தக்கது என்று அரசே சொல்வதுபோல் இருக்கிறது என்று பெண்கள் அமைப்புகள் கண்டித்தன. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. தொட்டிலில் விழுந்த குழந்தைகள் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்த கணக்கெடுப்பு 2001-இல் வந்தபோது சேலத்தின் எண் அசையவே இல்லை, அதே 850-ஐ ஒட்டித்தான் நின்றது. கொலைகள் குறையத் தொடங்கியிருந்தும் எண் அசையாததற்குக் காரணம் ஸ்கேன். வீட்டுக்குள் கையால் செய்த காரியத்தைக் கருவிலேயே மெஷின் செய்து கொடுத்தது. பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடை செய்யும் சட்டம் 1994-லேயே வந்திருந்தாலும் பிடிக்க ஆள் இல்லை. ஒரு கூட்டுக் குறை சட்டத்தைக் கண்டு ஒதுங்குவதில்லை, சட்டை மாற்றிக்கொள்கிறது.

ஆனால் 2011-இல் எண் 900-ஐத் தாண்டிவிட்டது. என்ன நடந்தது? ஒரே காரணம் சொல்பவரை நம்ப வேண்டாம். இரண்டு பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் மூன்றாவது கர்ப்பம் என்றால் கிராம சுகாதார செவிலியர் அடிக்கடி போய் எட்டிப் பார்த்தார். பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நகர்ந்தது; பிறந்த குழந்தையைக் கணக்கில் வைக்க வெளியாள் வந்துவிட்டார். சில பெற்றோர் மேல் வழக்குப் பதிவாகித் தண்டனையும் கிடைத்தது. பக்கத்துத் தருமபுரியில் 1990-களின் கடைசியில் கலைப்பயணம் என்று கிராமம் கிராமமாக நாடகம் போட்டார்கள். நாடகத்துக்குப் பிறகு ஊர்க்காரர்கள் வாய்விட்டுப் பேசினார்கள், அதுதான் முக்கியம்; பக்கத்து வீட்டாரும் இதை வெறுக்கிறார் என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. பெண் பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது படித்து மில்லுக்கும் கடைக்கும் வேலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டுவந்தார்கள், வீட்டுக் கணக்கும் மாறியது. புத்தி சொல்லித் திருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. பார்க்கும் கண், வெட்கம், வருமானம் மூன்றும் ஒரே பக்கம் இழுத்தன, ஊர் நகர்ந்தது.

அதற்குள் பழைய கணக்கின் வட்டி வந்து சேர்ந்தது. மேற்கு மாவட்டங்களில் முப்பத்தைந்து வயதான மாப்பிள்ளைகள் பெண் கிடைக்காமல் நிற்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் புரோக்கர் வைத்துப் பெண் தேடுகிறார்கள். பையன் மட்டும் போதும் என்று தனித்தனியே போட்ட கணக்கு எந்த வீட்டிலும் தப்பாகத் தெரியவில்லை. எல்லா வீட்டுப் பையனுக்கும் கல்யாண வயது வந்த பிறகுதான் கூட்டிப்பார்க்கிறோம். பெண் குறைந்ததால் பெண்ணுக்கு மதிப்புக் கூடிவிட்டது என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். தட்டுப்பாட்டால் விலை ஏறுவது வேறு, மதிப்பு வேறு. தருமபுரிப் பக்கம் கையடக்க ஸ்கேன் மெஷினோடு ஊர் ஊராகப் போகும் கும்பல்கள் பிடிபடும் செய்தி இப்போதும் வருகிறது.

இப்போது மதுவுக்குத் திரும்பலாம். 1971-க்குப் பிறகு மூடினார்கள், திறந்தார்கள். 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காக வந்தது. 2003-இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. தனியார் கொள்ளையை ஒழிக்க என்றார்கள், ஒழிந்தது. கல்லாவில் அரசே உட்கார்ந்தது. இன்று ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அந்தக் கல்லாவிலிருந்து கஜானாவுக்கு வருகிறது. பெண் சிசுக்கொலையில் அரசுக்கு ஒரு பைசா லாபம் கிடையாது, அதனால் அது செவிலியரை அனுப்ப முடிந்தது. குடியில் கண்காணிக்க வேண்டியவரும் கடைக்காரரும் ஒரே ஆள்.

சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள் இதை எதிர்த்துத் தனியாளாக வருடக்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார். 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்ற போராட்டத்தில் இறந்துபோனார். மாநிலம் கொஞ்ச நாள் கொந்தளித்தது. 2016-இல் 500 கடைகளும் 2023-இல் இன்னொரு 500 கடைகளும் மூடப்பட்டன. வருமானம் இறங்கவில்லை, ஏறியது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது கடைகள் குடியிருப்புகளுக்குள் நகர்ந்தன, பெண்கள் துடைப்பத்தோடு ரோட்டுக்கு வந்தார்கள்.

மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். கடை திறந்திருக்கும் மாநிலத்திலேயே, கடை விலை கட்டாதவர்கள் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறார்கள். கண்டும் காணாமல் இருக்க மாமூல் வாங்கும் ஆள் இருக்கும்வரை திறந்தாலும் சாவு உண்டு, மூடினாலும் உண்டு.

மூடுவதாகச் சொல்லும் கட்சிகள் கடைகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசுகின்றன. ராஜாஜி செய்ததுபோல் மாற்றுப் பணம் எங்கே என்று முதலில் சொல்பவர் யாருமில்லை. சொல்வது அன்றைவிட இன்று கஷ்டம் என்பதும் உண்மைதான். மது போனால் அந்த இடத்தில் வைக்க அவரால் புதிதாக ஒரு விற்பனை வரியை உண்டாக்க முடிந்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் தன்னிச்சையாக அப்படி ஒரு பொது வரி போட முடியாது. விகிதத்தை எல்லா மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்த கவுன்சில் தீர்மானிக்கிறது. மாநில அரசு தானே வரி விகிதத்தை வைத்துக்கொள்ளும் பெரிய சரக்குகள் என்று மிஞ்சியவை பெட்ரோல், டீசல், அப்புறம் மது. மதுவை ஒழித்த செலவுக்காக 1939-இல் பிறந்த விற்பனை வரியின் வாரிசுதான் இன்று மது பாட்டில் மேல் மதிப்புக் கூட்டு வரியாக வசூலாகிறது. டாஸ்மாக்கிலிருந்து வரும் பணத்தில் பெரும் பங்கு அந்த வரிதான், ஆயத்தீர்வைகூட அதற்கு அடுத்துத்தான்.